ஒரு சொட்டும் விழாத கூடை

மீன் வியாபாரத்தில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட்ட எவளும் எங்கள் கரையில் மீன் ஏற்றும் ஐஸ் வண்டி வாங்கியதில்லை. எனக்கு இரண்டு வண்டி இருக்கிறது. கல்பாக்கத்தில் ஒரு கடை, செங்கல்பட்டில் ஒரு கடை. படிப்பு மூன்றாம் வகுப்பு. மிச்சப் படிப்பைப் பஸ் போர்டு பார்த்தும், மீன் மடித்துக் கொடுக்கிற பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தும் நானே முடித்துக்கொண்டேன்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள், "எப்படிம்மா இவ்வளவு வந்தது?" என்று கேட்பார்கள். "கூடையில் வந்தது" என்பேன். மீன்காரிக்குக் கூடையில் வராமல் வேறு எதில் வரும் என்று அவர்கள் சாம்பாருக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது ஒரே ஒரு கூடையை. கடையில் வாங்கியதல்ல, என் கையால் சுற்றிச் சுற்றித் தைத்தது. அந்தக் கதையை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குப்பம் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே. வீட்டுக்காரரின் கட்டுமரம் விடியும்போது கரை சேரும். மீனைக் கரையிலேயே வேன்காரனிடம் கொட்டினால் அவன் சொல்வதுதான் விலை. புதுப்பட்டினத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் நான் சொல்வதுதான் விலை. இந்த வித்தியாசத்தை எங்கள் குப்பத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான். ஆறு மாதம் அந்த ஏழு மணி பஸ்ஸில் ராணி மாதிரி போய்வந்தேன்.

கெடுத்தது ஒரு வெள்ளை வேட்டி. அலுமினிய அன்னக்கூடையில் சங்கராவும் காரப்பொடி மீனும் ஐஸ் போட்டு, கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றத்து வளைவில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். அன்னக்கூடையில் இருந்த சிவப்புத் தண்ணீர் முழுவதும் எழுந்து, பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் மடியில் உட்கார்ந்தது. அந்தப் பெண் அவருக்கு அமைந்ததா என்று தெரியாது. எனக்கு மறுநாளே பஸ் அமையவில்லை.

கண்டக்டர் காதில் பென்சில் சொருகிய ஆள், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் லவுட் ஸ்பீக்கர். படிக்கட்டிலேயே கையைக் குறுக்கே வைத்துவிட்டார்.

"தோ பாரும்மா, இனிமே மீனு கூடைக்கு இந்த வண்டியில எடம் இல்ல. எறங்கு."

"இன்னாண்ணா இது? முந்தாநேத்து வரைக்கும் ஏத்திகினு போனியே!"

"முந்தாநேத்து வரைக்கும் என் சட்டையில என் வாசன வந்துச்சி. இப்ப என் பொண்டாட்டி என் சட்டையத் தனி வாளில ஊற வெக்கிறா."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் காந்தியது.

"துணி சுத்தி கட்டிகினு வரேன்."

"துணியெல்லாம் வாணாம். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கீழ விழாத கூடை கொண்ணா. முன் சீட்டுல குந்த வெச்சி இட்டுகினு போறேன். இல்லாங்காட்டி வேன்காரன்கிட்ட கொட்டிட்டு வூட்டுக்குப் போய் சோறாக்கு."

"சொன்ன பேச்சு மாற மாட்டியே?"

"பஸ்ல கீற அத்தினி பேரும் சாட்சி. ரைட், ரைட்!"

விசில் ஊதிப் போய்விட்டார். நான் புழுதியில் நின்றேன். அன்றைக்கு வேன்காரன் நல்ல சங்கராவைக் குப்பை மாதிரி விரலால் தள்ளிப் பார்த்து விலை சொன்னான். அந்த விரலை நான் மறக்கவே இல்லை.

மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி இல்லையா என்று கேட்பீர்கள். முயற்சி செய்தேன். காற்றுப் போகாமல் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தால் மீன் புழுங்கி வயிறு உடைந்துவிடும். செங்கல்பட்டுக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், ஏமாற மாட்டார்கள். மீனுக்கு ஓலைக் கூடைதான் சரி. ஓலைக் கூடை என்றால் ஒழுகும். இதுதான் என் பேஜாரு.

ஒரு வாரம் தலைச்சுமையாகக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக விற்றேன். அங்கே ஒரு பிளாக்குக்குப் பின்னால், வேப்பமரத்து நிழலில், ஏழெட்டு அம்மாமார்கள் பாய் விரித்து என்னவோ தைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆபீசர் மனைவி, திருநெல்வேலிப் பக்கம். டீச்சரம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர் கையில் கோரைப்புல் ஒரு கட்டை விரல் தடிமனுக்குச் சேர்ந்திருந்தது. அதன்மேல் பனங்குருத்தைக் கிழித்த நாரைச் சுற்றினார். நுனியைக் கோணி ஊசியில் கோர்த்து, நத்தை ஓடு மாதிரி புல்லைச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போனார். பிஸ்கட் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னத் தட்டு.

நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தட்டை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முடைந்த கூடையில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டை தெரியும். இதில் வெளிச்சமே வரவில்லை. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் ஜில்லென்றது.

"டீச்சரம்மா, இதுல தண்ணி நிக்குமா?"

"யம்மா, இது பலகாரம் வைக்கதுக்குல்லா! தண்ணிக்குச் செம்பு இருக்கே."

"மீனு வெச்சா?"

பாயில் இருந்த அம்மாமார்கள் மூக்கைச் சுளித்தார்கள். டீச்சரம்மா சுளிக்கவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல கருப்பட்டி வைப்போம். மீன் வச்சுப் பாத்ததில்ல. வேணும்னா உக்காந்து படிச்சிட்டுப் போங்க, யாரு வேண்டாங்கா."

உட்கார்ந்தேன். மூன்று மதியத்தில் கற்றுக்கொண்டேன். மற்ற அம்மாமார்கள் மூன்று மாதமாகப் பேனா ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்கள். வலை பின்னிய கைக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? டீச்சரம்மா சொன்ன சூட்சுமம் இரண்டுதான். ஊசி முந்தின சுற்றின் தோளில் இறங்க வேண்டும், வயிற்றில் குத்தினால் புல் பிளந்து இடைவெளி விழும். நாரை ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்தால் போதும். இரண்டாவதை நான் காதில் வாங்கினேன், மூளையில் வாங்கவில்லை. அதுதான் என் பிழை.

பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோரைக்குக் குறைவில்லை. நான்கு கட்டு அறுத்து வந்து உலர்த்தினேன். நுங்கு வெட்ட மரம் ஏறுகிறவரிடம் காரப்பொடியைக் கொடுத்துப் பனங்குருத்து வாங்கினேன். பிறகு என் சொந்தப் புத்தியைக் காட்டினேன். பெரிய கூடைக்குப் பெரிய ஊறல் என்று, நாரையும் புல்லையும் சேர்த்து அண்டாவில் போட்டு முழுக்க முழுக்க ஊற வைத்தேன். ஊறிய ஓலை சொன்னபடி வளைந்தது. இழுத்தால் வந்தது, அழுத்தினால் படுத்தது. பன்னிரண்டு நாளில் வாய் ஒரு முழத்துக்கு மேல், உயரம் முழங்காலுக்கு, மேலே காற்றுப் போக இடம் விட்ட மூடி என்று ஒரு கூடை எழுந்து நின்றது.

என் நாத்தனார் அடுத்த வீடு. வாய் மட்டும் எங்கள் வீட்டில் இருக்கும்.

"இன்னா அண்ணி, ஓலையில குடம் செய்றியா?"

"ஒழுவாத கூடை செய்றேன்."

"அப்டியே சல்லடையில ஒரு குண்டான் செஞ்சி குடு, ரசம் வெக்கலாம்."

இரண்டு குடம் தண்ணீரைக் கூடையில் கவிழ்த்தேன். தெருவே பார்த்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. நாத்தனார் குனிந்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

பூசணம் பிடிக்கக் கூடாது என்று கூடையைக் கூரைமேல் நான்கு நாள் நல்ல வெயிலில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் விற்பனை பிரமாதமாக இருக்கும். வஞ்சிரமும் சங்கராவும் ஐஸ் போட்டு நிரப்பி, சும்மாட்டின்மேல் ஏற்றி, ஏழு மணி பஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். கண்டக்டர் கூடையைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். வாக்கு வாக்குதான். முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி என்னை உட்கார வைத்தார். டிரைவருக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்கிற சுகமே தனி.

திருக்கழுக்குன்றம் குளம் தெரிகிற இடத்தில் என் கால் பெருவிரல் ஈரமானது.

குனிந்தேன். கூடையின் அடியில் சுற்றுக்குச் சுற்று தண்ணீர் கோர்த்து நின்று, ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க விழுந்தது. அது ஓடி, கியர் பெட்டியைச் சுற்றி வந்து, கண்டக்டர் செருப்பைத் தொட்டது.

"ஒரு சொட்டுன்னேன். இது பஞ்சாயத்து கொழா!" என்றார். விசில் ஊதினார். "எறங்கு தாயே."

பஸ் மறுபடியும் சிரித்தது. இந்த முறை முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் அந்தச் சிரிப்பைத் தாண்டி இறங்க வேண்டியிருந்தது. அதிலும் நான் சும்மா இருக்கவில்லை. கோயில் தெருவில் நம் சரக்குக்கு வேலை இல்லை என்று ஊர்க்கோடிக்கு நடந்து, பத்து மணிக்குள் ஒரு மீன் மிச்சமில்லாமல் விற்றேன். ஆனாலும் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் வலை உதறிக்கொண்டிருந்தார். "இன்னாமே, முன் சீட்டா, பின் சீட்டா?"

"நடு ரோடு."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். "வுடு. வேன்காரன் கீறான்ல" என்றார். எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கூடையை டீச்சரம்மா முன்னால் வைத்தேன். விரல் நகத்தை இரண்டு சுற்றுக்கு நடுவில் விட்டார். நகம் உள்ளே போனது.

"ஊற வச்சா தச்சீய?"

"ரெண்டு நாளு."

"அடப் பாவமே! ஊறின ஓலை உப்பி நிக்கும். காஞ்சதும் சுருங்கிருமில்ல? நீங்க தச்ச அன்னிக்கு இறுக்கம், இன்னிக்கு லொடலொட. அதான் ஈரத்துணி போதும்னேன்."

"காஞ்ச ஓலையில தெச்சா ஒழுவாதா?"

"இடைவெளி கொறையும். தண்ணியே நிக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது தாயி. நான் பிஸ்கட்டோட நின்னுட்டேன்."

அவருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். குப்பத்துக்குத் திரும்பும் வழியில் கரைவலைக்காரர்கள் படகைக் கடலுக்குத் தள்ளத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்து, சந்தில் வைக்கோல் திணித்திருப்பார்கள். பல நாள் மணலில் காய்ந்த படகு என்பதால் ஒருவர் குடம் குடமாக அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் நின்று கேட்டேன்.

"அண்ணாத்த, கடல்ல தள்ளப் போற படகுக்குள்ள எதுக்குத் தண்ணி ஊத்திகினுகீற?"

"வைக்கோலு குடிச்சி உப்பணும். உப்புனாத்தான் சந்து அடையும். இது கூடத் தெரியாம இன்னா மீன்காரி நீ?"

தைத்த பிறகு தண்ணீர்! நான் தைக்கிறபோதே ஊற்றிவிட்டேன். அங்கேயே, மணலிலேயே என் தலையில் நானே இரண்டு போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கூடையில் விளையாட்டு கிடையாது. புல் நன்றாகக் காய்ந்தது. நார் ஈரத்துணியில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். காய்ந்த ஓலை லேசில் வளையாது. ஒவ்வொரு தையலையும் காலால் கூடையை மிதித்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தேன். ஊசியைத் தோளில் இறக்கி, முன்பு இரண்டு தையல் போட்ட இடத்தில் மூன்று போட்டேன். ஆள்காட்டி விரல் கிழிந்து, துணி சுற்றித் தைத்து, துணியும் கிழிந்தது. பன்னிரண்டு நாள் வேலை இருபத்தாறு நாள் ஆனது. அத்தனை நாளும் காலையில் வேன்காரன் விரல், மதியம் கோணி ஊசி. எது அதிகம் குத்தியது என்று சொல்ல முடியாது.

முடித்ததும் தண்ணீர் ஊற்றினேன். நாத்தனார் அதற்கென்றே வந்து நின்றாள். நான்கு பக்கமும் பீச்சி அடித்தது.

"அய்ய! அண்ணி, இந்த தபா ஷவர் செஞ்சிகீறியா?"

"இரு."

"இன்னாத்துக்கு இருக்கணும்? என் காலெல்லாம் நனையுது."

"இருன்னா இருடி."

ஊற்றிக்கொண்டே இருந்தேன். உச்சி வெயிலில் பீச்சியது சாயங்காலம் சொட்டாகியது. கிணற்றடித் தொட்டியில் கூடையை முங்கப் போட்டுக் கல்லைத் தூக்கி வைத்தேன். காலையில் எடுத்தபோது கோரை தண்ணீர் குடித்துக் கர்ப்பிணி மாதிரி உப்பியிருந்தது. காய்ந்தபோது இழுத்துக் கட்டிய நார் அதை விரிய விடாமல் பிடித்திருந்தது. விரிய இடமில்லாத புல் சந்துகளையெல்லாம் தானே அடைத்துக்கொண்டது. மறுபடியும் இரண்டு குடம் ஊற்றிவிட்டு, நாஸ்தா முடித்து வந்து பார்த்தேன். அடியில் மணல் காய்ந்தே இருந்தது. நாத்தனார் வந்தாள், தடவினாள். "எனக்கு ஒண்ணு போட்டுத் தருவியா அண்ணி?" என்றாள். மொதல்ல நான் பஸ் ஏறிட்டு வரேன் என்றேன்.

ஏனென்றால் தெருவை ஜெயித்தால் போதாது. தெருவை நான் போன தடவையும் ஜெயித்தேன். இந்த முறை இறக்கிவிட்டால் மூன்றாவது தடவை அந்தப் படிக்கட்டில் கால் வைக்க எனக்கே முகம் இருக்காது, வேன்காரன்தான் கதி. அடுத்த ஞாயிறு கூடையைத் தொட்டியிலிருந்து எடுத்து, வெளிப்பக்கத்தை வேட்டித் துணியால் துடைத்தேன். பனைமட்டைத் துண்டு நான்கைக் குறுக்கே போட்டு, மீன் அடித்தண்ணீரில் படாமல் அடுக்கினேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே கையைக் குறுக்கே வைத்தார்.

"கொழா திரும்பி வந்துச்சா?"

"இது வேற கூடை."

"எனக்கு அதே மீனு."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். "யோவ் கண்டக்டரு, சொட்டு விழலைன்னா ஏத்திக்கிறேன்னு நீதான்யா சொன்ன. நான் சாட்சி."

"நானும்தான்," என்றது இன்னொரு குரல். சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

கண்டக்டர் டிரைவரிடம் பேப்பர் கேட்டு வாங்கி, முன் சீட்டுக்குக் கீழே விரித்தார். "இதும்மேல வெய்யி. செங்கல்பட்டுல பாப்போம். பேப்பர் சொல்லட்டும்."

திருக்கழுக்குன்றம் வந்தது. அதே வளைவு, அதே பிரேக். கூடைக்குள் தண்ணீர் புரளும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கண்ணாடி வழியாக எதையும் பார்க்கவில்லை, பேப்பரின் ஓரத்தையே பார்த்தேன். ஓரம் காய்ந்திருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் நான்கு தடவை வந்து குனிந்தார்.

"தண்ணி வரல. கவுச்சி வருது," என்றார்.

"கவுச்சிக்கு நீ கண்டிசன் போடலியே அண்ணா."

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். இந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், அந்தப் பெரியவரைத் தவிர. கண்டக்டர் தானே கூடையைப் பிடித்துத் தூக்கினார். பேப்பரில், வட்டமாக, கூடை அடி அளவுக்கு ஈரம்.

நான் குனிந்து கூடையின் அடியைத் தடவினேன்.

அவர் ஒரு விரலால் ஈரத்தைத் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனார். இன்னொரு தடவை தொட்டார். பிறகு பேப்பரை அப்படியே தூக்கி டிரைவரிடம் நீட்டினார். "நீ சொல்லுப்பா, நான் சொன்னா இந்தம்மா சண்டைக்கு வரும்."

டிரைவர் முகர்ந்தார். "கவுச்சி இல்ல. எளநி கடையாண்ட நின்னா வருமே, அந்த மாறி கீது."

"கூடை ராத்திரி பூரா கெணத்தடி தொட்டியில குளிச்சிச்சி அண்ணா," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அந்த ஈரம். உள்ள கீற தண்ணி உள்ளயே கீது. மூடியத் தொறந்து பாரு."

திறந்து பார்த்தார். மட்டைக்குக் கீழே சிவப்புத் தண்ணீர் நான்கு விரல் ஆழத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. விரித்த பேப்பரை மறுபடியும் பார்த்தார். ஈரம் இருந்தது, சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. பேப்பரைச் சுருட்டிச் சன்னலுக்கு வெளியே போட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, எதையும் எழுதாமல், மறுபடியும் காதிலேயே சொருகினார்.

"நாளைலேந்து கூடைக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட்டு போடுவேன். சில்லறையா கொண்ணா."

"கொண்ணாறேன். தள்ளுண்ணா, மார்க்கெட்டு கூட்டம் கலைஞ்சிடும்."

அவர் தள்ளவில்லை. குனிந்து ஒரு பக்கம் கை கொடுத்துக் கூடையை என் சும்மாட்டின்மேல் ஏற்றிவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள்ளேயே கூவ ஆரம்பித்துவிட்டேன்.